நாய்க்காகப் போட்ட கோடு

நாய் பேண்டு வைத்ததையெல்லாமா உட்கார்ந்து எழுதுவார்கள் என்று என் மகள் கேட்கிறாள். எழுதாமல் என்ன? எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்க எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சே அதுதான். ஊரில் மற்றவர்கள் மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்தார்கள். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்பைநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி, காட்டுக்குள் எங்கள் வீடு. பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கருங்கல் பாறை, தரையோடு தரையாகப் பரந்து கிடக்கும். ராகி அடிப்பது, கொள்ளு அடிப்பது, புளி காய வைப்பது எல்லாம் அதன் மேல்தான். அது இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான களம். எப்போதிலிருந்து பொது, யார் யாருக்கு விட்டுக்கொடுத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் அவர்கள் முறை, ஒரு வாரம் எங்கள் முறை என்று நான் கல்யாணமாகி வந்ததற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாதா கோயிலுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறவர்கள். ஆனால் களத்துக்கு இரண்டு பேரும் ஒரே மரியாதைதான் வைத்திருந்தோம். செருப்புக் காலோடு யாரும் ஏற மாட்டோம். அடிப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் சாணி கரைத்து ஊற்றி, விளக்குமாற்றால் பாறை முழுக்க மெழுகிவிடுவோம். தூற்றிக் குவித்த ராகியின் உச்சியில் நாங்கள் சாணியில் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகுவோம். அவர்கள் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக முடைந்து, பத்திரமாக வைத்திருந்து, அதைக் குவியலில் குத்துவார்கள்.

இன்னொன்றும் பொது. எங்களிடம் ஒரு எருது, அவர்களிடம் ஒரு எருது. உழவுக்கும் சரி, களத்தில் கல் உருளை இழுக்கவும் சரி, இரண்டையும் ஒரே நுகத்தில் கட்டித்தான் ஓட்டுவார்கள். எங்களுடையது வலப்பக்கம், அவர்களுடையது இடப்பக்கம். மாற்றிக் கட்டினால் இரண்டும் நகராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் மறந்துவிட்டோம்.

அந்த வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அப்படியானால் அவர் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும். வாயில் அக்கா என்றே வந்துவிட்டது, அப்படியே நின்றுவிட்டது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மனசு நன்றாக இருந்தால் என்னைக் கண்ணு என்பாள், இல்லாவிட்டால் 'இந்தாம்மா'. அண்ணன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விடுவார். விதைப்புக்கு ஒருமுறை, அறுப்புக்கு ஒருமுறை வருவார். மற்ற மாதமெல்லாம் அக்கா தன் இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாகத்தான் கிடப்பாள்.

ஒரு வைகாசியில் அவள் வீட்டுக் கோழிக் கூண்டை யாரோ காலி பண்ணிவிட்டுப் போனார்கள். கூண்டு இருந்தது அவள் தலைமாட்டுச் சுவரை ஒட்டி வெளியே. அத்தனை கிட்டத்தில் ஆள் வந்து போயிருக்கிறான். அது நடந்து கொஞ்ச நாளில் லாரியில் கிளீனராகப் போகிற அவள் தம்பி, தொப்பூர் சாப்பாட்டுக் கடை வாசலில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனான். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கி இருக்கும். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. 'தோ' என்றால் வரும்.

நாய் நல்ல நாய்தான், அதை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆள் அரவம் கேட்டால் ஊரைக் கூட்டிவிடும். ஆனால் அக்கா ரொம்ப சுத்தக்காரி. குட்டியாக இருக்கும்போதே வாசலில் அசிங்கம் பண்ணினால் விளக்குமாற்றுக் கட்டையால் போட்டுப் போட்டுப் பழக்கிவிட்டாள். அது அவள் வாசலில் கால் தூக்காது. அப்புறம் எங்கே போகும்? நேராகப் பாறைக்கு வரும். விடிகிற நேரத்தில், கூட்டிச் சுத்தமாக இருக்கிற பாறையின் நட்டநடுவில் வந்து குந்தும். ஓரம் இருக்கிறது, பக்கத்தில் காடு இருக்கிறது, கிழக்கே ஓடை இருக்கிறது. ஊஹூம், அதற்கு நடுவில்தான் வேண்டும்.

எனக்கு அப்போது மூக்கு நுனியில் கோபம். இப்போதும் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் முதலில் நயமாகத்தான் சொன்னேன்.

"அக்கா, உங்க நாயி களத்துல வேலையக் காட்டிட்டுப் போயிருக்குதுங்க்கா."

"அட கண்றாவியே! இரு கண்ணு, வாரேன்" என்று சாம்பலும் ஓட்டுத்துண்டுமாக ஓடி வந்து அள்ளிப்போட்டாள். அடுத்த நாளும் சொன்னேன், வந்தாள். அதற்கடுத்த வாரம் சொன்னபோது, "அடுப்புல உலை வெச்சிருக்கறன், செத்த நேரம் கழிச்சி வாரன்" என்றாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கோயிலுக்குப் போய்விட்டாள். வெயில் ஏற ஏற என் கண் முன்னால் அது கிடந்தது. நானே அள்ளினேன். அள்ளும்போது வாய் சும்மா இருக்குமா? வாய்க்கு வந்ததையெல்லாம் நாயைப் பார்த்துச் சொன்னேன். அது அவளைச் சொன்னதாக, கோயிலிலிருந்து முன்னால் ஓடி வந்த அவள் பிள்ளைகள் காதில் விழுந்து, சாயங்காலம் அவள் காதுக்குப் போய்விட்டது.

அது போகட்டும் என்று விட்டிருக்கலாம். அறுப்பு வந்து கெடுத்தது.

அந்த வருடம் மழை அரைகுறை. கிடைத்த ராகியை அறுத்து எங்கள் கதிர்ப் போரை எங்கள் பக்கமும், அவர்கள் போரை அவர்கள் பக்கமும் அடுக்கியிருந்தோம். அடுத்த அறுப்புவரை எங்கள் வீட்டுக் களி அத்தனையும் அந்தப் போருக்குள்தான் இருந்தது. முதல் முறை எங்களுடையது. முதல் நாள் சாயங்காலமே கொஞ்சம் கதிரைப் பிரித்துப் பாறையில் உதறிப் போட்டோம், காலை வெயிலில் காயட்டும் என்று. விடிந்து போய்ப் பார்த்தால் கதிருக்கு நடுவில் அது. ஒரு இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. கதிரைக் காலால் வேறு சீய்த்து நாலா பக்கமும் பரப்பி வைத்திருந்தது. ஒரு கூடைக் கதிர் வீண்.

"சோத்துல பேண்டு வெச்சிருக்குதுங்க உங்க நாயி!" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா வெளியே வந்தாள்.

வந்தவள் ஒரு வார்த்தை இறங்கிப் பேசியிருந்தால் அடங்கியிருப்பேன். அவளுக்கும் முந்தின வாரத்துக் கோபம் இருந்ததே. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்கூட்டு நாய்துன்னு அதுல எழுதி ஒட்டியிருக்குதா?" என்றாள்.

"ஆமாங்க, கலெக்டரு வந்து கையெழுத்துப் போடுவாரு!" என்றேன் நான். "இங்க வேற எத்தன நாயி இருக்குது? நானா வந்து பேண்டன்?"

"இந்தாம்மா, வாய அளந்து பேசு."

"ஒண்ணு இங்க களம் இருக்கணும், இல்ல உங்க நாயி இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கூட்டுல ஆம்பள இருக்கறாரு. உனக்கு அதோட அருமை தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வார்த்தை எனக்கு அன்றைக்குக் குத்தலாகத்தான் பட்டது. அது குத்தல் இல்லை என்று புரிய நாளாயிற்று.

அண்ணன் அறுப்புக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அன்று சாயங்காலம் ஆண்கள் இருவரும் பாறையில் உட்கார்ந்து பேசினார்கள். நாயைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் நாயைத் தவிர மற்றதெல்லாம் பேசினார்கள். பீடி புகைத்தார்கள். ஒருவரையொருவர் மரியாதை குறையாமல் வாங்க போங்க என்றார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர், "எதுக்குங்கண்ணே பொம்பளைங்களுக்குள்ள மனஸ்தாபம், பாகமா பிரிச்சிக்கலாங்க" என்றார். "அதுஞ் சரிதான் தம்பி" என்றார் அண்ணன். கயிறு பிடித்து அளந்தார்கள். சுண்ணாம்பு கரைத்து, பாறையின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கோடு போட்டார்கள். மேற்கே எங்களுக்கு, கிழக்கே அவர்களுக்கு. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். பொய் சொல்வானேன்.

மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தேன். கோட்டின் மேலேயே பேண்டு வைத்திருந்தது.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். இப்போது எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. அன்று வயிறு எரிந்தது. பாதி எங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். நாய் உங்களுடையது, நீங்கள் அள்ளுங்கள் என்று நான் நின்றேன். பாறை பாதி உன்னுடையது, உன் பக்கத்தை நீ அள்ளு என்று அவள் நின்றாள். இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்று அதைப் பார்த்தோம், அவ்வளவுதான். அள்ள ஆள் இல்லாமல் அது அங்கேயே கிடந்தது. தண்ணீர்க் குடத்தோடு போகும்போது அவள் அந்தப் பக்கம் சுற்றிப் போவாள், நான் இந்தப் பக்கம் சுற்றிப் போவேன்.

அன்று வெயில் ஏறியதும் என் வீட்டுக்காரர் எங்கள் பாதியில் கதிரைப் பரப்பிவிட்டு எருதை அவிழ்த்துக்கொண்டு வந்தார். வந்தவர் களத்தில் அப்படியே நின்றுவிட்டார். நுகத்தடி கையில் இருக்கிறது, எருது ஒன்று இருக்கிறது. இன்னொன்று கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கட்டுத்தறியில் நின்று எங்கள் எருதைப் பார்த்துக் கத்துகிறது. களத்தைப் பிரித்த புத்திசாலிகள் எருதை என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை! சரி, இரண்டு எருது இருந்தாலும்தான் என்ன? பாதிப் பாறையில் ஒரு ஜோடி மாடு உருளையை இழுத்துக்கொண்டு வட்டம் திரும்ப இடம் இல்லை. கிழக்குப் பக்கம் அண்ணனும் அதே நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். என் வீட்டுக்காரர் எருதைத் திரும்பக் கட்டினார்.

"போயிக் கேளுங்களேன்" என்றேன்.

"நீ போயிக் கேளு. உன் கோடுதான அது" என்றார். கல்யாணமாகி அதுவரைக்கும் அவர் என்னை அப்படி எடுத்தெறிந்து பேசியதில்லை.

இரண்டு நாள் இப்படியே போனது. வேறு யாரிடமாவது எருது கேட்கலாம் என்றால் ஊரில் எல்லார் களத்திலும் அடிப்பு. மூன்றாம் நாள் அக்கா தன் போரிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்துத் தலையில் சுமந்து தார் ரோட்டுக்குக் கொண்டுபோனாள். எங்கள் பக்கம் களம் இல்லாதவர்கள் அப்படிச் செய்வார்கள். ரோட்டில் கதிரைப் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அதுவே உதிர்ந்துவிடும். கொள்ளுக்கு அது சரி. ராகி பொடி தானியம். சாயங்காலம் அவள் திரும்பி வந்து முறத்தில் போட்டுப் புடைத்ததை என் வாசலிலிருந்து பார்த்தேன். புடைத்தாள், கொழித்தாள், ஒரு சிட்டிகை வாயில் போட்டுக் கடித்தாள், துப்பினாள். மண்ணும் ரோட்டு ஜல்லித் தூளும் அதில் பாதி. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நாய் அவள் காலடியில் படுத்திருந்தது.

அடுத்த நாள் காலை கிழக்கே கருகருவென்று மேகம் திரண்டு நின்றது. விதைத்தபோது வராத மழை அறுத்த பிறகு வருகிறது, வயிற்றெரிச்சல். போர் நனைந்தால் ராகி கதிரிலேயே முளைத்துவிடும். அப்புறம் மாட்டுக்குத்தான் போட வேண்டும். நான் பழைய கோணிகளை எடுத்துப் போரை மூடிக்கொண்டிருந்தேன். கோட்டைத் தாண்டி அக்கா வந்து எதிரில் நின்றாள்.

"நாய ஒகேனக்கல்ல கொண்டுபோயி வுட்டுட்டு வரச் சொல்லி எங்கூட்டுக்காரர அனுப்பிட்டன்" என்றாள். "அங்க மீனுக் கடைங்க இருக்குது, பொழச்சிக்கும். உங்க எருத ஓட்டிட்டு வரச் சொல்லு, மழைக்கு முன்ன அடிச்சிரலாம். முதல்ல உங்குளுத அடிங்க."

அவ்வளவுதான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. களம் இருக்கணும், இல்லை நாய் இருக்கணும் என்றேன். அவள் களத்தைச் சொல்லிவிட்டாள். ஜெயித்தவள் நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் ஜெயித்த மாதிரி இல்லை. அழுதிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவள் அழவில்லை. கண் மட்டும் அவள் வீட்டுத் தலைமாட்டுச் சுவர்ப் பக்கம், காலிக் கோழிக் கூண்டு கிடந்த இடத்துக்குப் போய்விட்டு வந்தது. அடிப்பு முடிந்தால் அண்ணன் பெங்களூர் போய்விடுவார். அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தச் சுவரும்தான் மிச்சம். உங்கூட்டுல ஆம்பள இருக்கறாரு என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. அவள் பயம் அது. அந்தப் பயத்துக்குக் காவலாகத்தான் அவள் அந்த நாயை வைத்திருந்தாள்.

"எத்தன நேரமாச்சிங்க்கா போயி?"

"இப்பத்தான்."

கோணியைப் போட்டுவிட்டு ஓடினேன். வரப்பு, ஓடை, தார் ரோடு. பஸ் வந்து நின்றிருந்தது. அண்ணன் ஒரு கோணிப்பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு படியில் ஒரு கால் வைத்திருக்கிறார். பைக்குள்ளிருந்து ஊளை. கண்டக்டர் மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"கோழின்னா ஏத்துவன், ஆட்டுக்குட்டின்னா ஏத்துவன். நாயெல்லாம் ஏத்த முடியாதுய்யா, எறங்கு. கடிச்சி வெச்சா யாரு பதிலு சொல்றது?"

"தருமபுரி மட்டும் ஏத்திக்கங்க சார், அங்கிருந்து வேற பஸ் புடிச்சிக்கறன்" என்று அண்ணன் கெஞ்சுகிறார். அவரும் மனசில்லாமல்தான் கெஞ்சினார் என்று நினைக்கிறேன்.

"அண்ணே, எறக்குங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

"என்னம்மா?"

"நாய அவுத்து வுடுங்கண்ணே. வாங்க வூட்டுக்கு. மழ வரப்போவுது, அடிப்பப் பாக்கலாம்."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீதானம்மா..." என்று ஆரம்பித்தார்.

"நாந்தான். நானேதான் சொல்றன், எறக்குங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். கோணியை அவிழ்த்ததும் நாய் எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து ஓட்டமெடுத்தது. நன்றி உள்ள பிராணி என்கிறார்கள். அன்றைக்கு அதற்கு அவசரம் போலிருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் பேச நான் இடம் கொடுக்கவில்லை. "சாணி கரைங்க்கா, நேரமில்ல" என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டின் மேல் காய்ந்து கிடந்ததை ஒரே வெட்டில் வழித்து எறிந்தேன். அவள் இரண்டு குடத்தில் சாணி கரைத்துக் கொண்டுவந்தாள். அவள் கிழக்கிலிருந்தும் நான் மேற்கிலிருந்தும் மெழுகிக்கொண்டே வந்தோம். நடுவில் சுண்ணாம்பு கொஞ்ச நேரம் வெளுப்பாகத் தெரிந்தது. இன்னொரு கை சாணி போட்டு அழுத்தித் தேய்த்தாள் அக்கா.

"உங்குளுது முதல்ல" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணாப் போடுங்க்கா. பொறவு பங்கு பாத்துக்கலாம்" என்றேன்.

அப்படி அதுவரை செய்ததில்லை. இரண்டு போரையும் பிரித்து ஒன்றாகப் பரப்பினோம். எங்கள் எருது வலப்பக்கம், அவர்கள் எருது இடப்பக்கம். பாறை முழுக்க உருளை சுற்றியது. தூற்றிக் குவித்துத் தார்ப்பாய் போடுகிற நேரத்தில் முதல் தூறல் விழுந்தது. பாயைப் போடுவதற்கு முன்னால், அந்த அவசரத்திலும், என் வீட்டுக்காரர் சாணிப் பிள்ளையாரை உச்சியில் வைத்தார். அக்கா ஓடிப்போய்க் குருத்தோலைச் சிலுவையை எடுத்து வந்து பக்கத்தில் குத்தினாள். ஒரே குவியல், இரண்டும் அதன் மேல். ராகியைப் பங்கு பிரித்தபோது யார் வீட்டுக் கதிர் எவ்வளவு என்று யாரும் வாய் திறக்கவில்லை.

நாய் திருந்தியதா என்றால், அது எங்கே திருந்தும்! பாறைக்குத்தான் வந்தது, நடுவில்தான் குந்தியது. முதலில் பார்ப்பவர் அள்ளுவது என்று ஆகிவிட்டது. ஒப்பந்தம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அள்ளும்போது நான் திட்டினேன், அவளும் திட்டினாள்.

அடுத்த வருடம் மழை சுத்தமாகவே இல்லை. கிணறு வறண்டது, விதைக்கக்கூட வழியில்லை. என் வீட்டுக்காரரும் அண்ணனோடு கட்டட வேலைக்குப் பெங்களூர் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தேன். மடியில் அந்த வருடம் பிறந்த என் கைக்குழந்தை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டின் நாலு சுவரையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். கதவுத் தாழ்ப்பாள் எவ்வளவு சின்னது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பாறையைத் தாண்டி அக்கா வந்தாள். கையில் கயிறு, கயிற்றின் முனையில் நாய். நேராக வந்து என் வாசல் கம்பத்தில் அதைக் கட்டினாள்.

"என்னங்க்கா இது?"

"இன்னிக்கி உம் முறை. நாளைக்கி எம் முறை. பாறைக்கி வெச்சிக்கலையா, அந்த மாதிரிதான்."

"அப்ப இன்னிக்கி நீங்க?"

"எனக்குப் பழகிருச்சி கண்ணு. உனக்கு இன்னும் பழகல."

சோறு தின்னுட்டுப் போங்க என்றேன். பிள்ளைகள் தனியாக இருக்கும் என்று போய்விட்டாள். நாய் ஒருமுறை அவள் போன திசையைப் பார்த்துவிட்டு, என் வாசற்படியை அடைத்துக்கொண்டு படுத்தது. அன்று நான் தூங்கினேன்.

விடிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டேன். நேராகப் பாறைக்கு ஓடியது. பின்னாலேயே ஓட்டுத்துண்டும் சாம்பலும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். அக்கா அவள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அள்ளுவதைப் பார்த்து, வேண்டுமென்றே சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"யாரூட்டு நாய்து கண்ணு அது?"

"நம்மூட்டுதுதாங்க்கா" என்றேன்.